பாம்பின் தோலும் நெருப்பின் சூடும்

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று கேட்டபொழுது, கம்பனைப் பற்றியோ வள்ளுவனைப் பற்றியோ எழுதுவேனென்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியனிடத்து வேறெதனை எதிர்பார்ப்பது? ஆயினும் சென்ற ஆண்டு கனடாவிலிருந்து பழைய மாணவரொருவர் எழுதிய கடிதம் என் எண்ணத்தை வேறொரு வழியிற் செலுத்திற்று. அக்கடிதம் ஒரு பாம்பைப் பற்றியது. அதன் வயிற்றிலே உண்டான சூட்டுப் புண்ணைப் பற்றியது. "சேர், அந்தச் சாரைக்கு நாங்கள் செய்த பிழை என்னவென்று இப்பொழுதுதான் விளங்கிற்று" என்று அது தொடங்கியது. "நாங்கள்" என்று அவர் எழுதியது அவருடைய நற்பண்பு. உண்மையில் அப்பிழை என்னுடையது.

2012-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் நிகழ்ந்தது அது. எல்கடுவவின் காலைப் பனியை அறிந்தோர்க்கு அம்மாதத்து வைகறை எத்துணைக் குளிருடையதென்று சொல்ல வேண்டுவதில்லை. தேயிலைத் தொழிற்சாலைகளிற் கொழுந்து உலர்த்தும் உலைக்கு விறகெரிப்பார்கள். எரிந்த சாம்பலை வாரிப் புறத்தே குவிப்பார்கள். மேலே ஆறிக் கிடக்கும் அச்சாம்பலுள் நெருப்புத் துண்டுகள் ஒரு நாள் வரையிற் கனன்றுகொண்டிருக்கும். அத்தகைய குவியலொன்றின் ஓரத்திலே, வகுப்பு மாணவர் நால்வர் பள்ளிக்கு வரும் வழியில், ஐந்தடி நீளமான சாரைப்பாம்பொன்று அசைய மாட்டாது கிடக்கக் கண்டனர். இரவின் குளிருக்குச் சூடு தேடி வந்து கனல்மேல் ஏறிவிட்டது போலும். அடித்துக் கொல்லாமல் உரச்சாக்கொன்றில் இட்டு என்னிடம் கொண்டுவந்தார்கள். பாம்பென்றால் தடியெடுக்கும் ஊரிலே அப்பிள்ளைகள் அவ்வாறு செய்தமையை எண்ணி நான் அன்று பெருமை கொண்டேன். பெருமைக்கேற்ற அறிவு என்னிடம் இருக்கவில்லை.

சாம்பல் ஒட்டியிருந்த வயிற்றின்மேற் சிறிது தண்ணீர் தெளித்தோம். மஞ்சளைத் தேங்காயெண்ணெயிற் குழைத்துப் பூசினோம். ஒருவன் வீட்டிலிருந்து பற்பசையும் கொணர்ந்தான். பின்னர் அட்டைப் பெட்டியொன்றில் வைக்கோல் பரப்பி அதனை இட்டோம். "பாவம், குளிரில் நடுங்கும்" என்று சொல்லி, மின்குமிழொன்றைப் பெட்டிக்குள்ளே தொங்கவிடச் செய்தவன் நான். மறுநாள் பார்த்தபொழுது பாம்பு அக்குமிழைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. நமது உதவியை நாடி நிற்கிறதென்று மகிழ்ந்தோம். ஒன்பதாம் நாள் அஃது இறந்தது. எடுத்துப் புதைக்கும்பொழுது முதுகின்மேல் புதிய புண்ணொன்று கண்டோம். சாம்பல் சுட்டது வயிற்றை. முதுகைச் சுட்டது எனது குமிழ்.

அந்நால்வருள் ஒருவரே கடிதம் எழுதியவர். அவரது கடிதத்தால் யான் அறிந்தவற்றையும், அதன்பின் மிருக வைத்தியம் கற்றோரைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் தெளிந்தவற்றையும் இங்கு எழுதுகிறேன். நம் பழைய மாணவர் பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். அந்நாடுகளில் பிறந்த அவர்தம் பிள்ளைகள் நாயும் பூனையும் போலப் பாம்பையும் வீட்டில் வளர்க்கின்றனர் என்பது இங்குள்ள பெரியோர் சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். அவர்களுக்கும், காட்டோரத்திலும் தேயிலை மலைகளிலும் வாழும் நம்மவர்க்கும் இஃது ஒருங்கே பயன்படும்.

முதலிலே தோலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பாம்பின் செதில்கள் மீனின் செதில்கள் போலத் தனித்தனியே செருகப்பட்டவை அல்ல. மேற்றோலே தடித்து மடிந்து செதிலாகிறது; செதிலுக்கும் செதிலுக்கும் இடையே மெல்லிய தோல் மடிந்து கிடக்கிறது. இரை விழுங்கும்பொழுது உடல் விரிவது இம்மடிப்புக்களாலேதான். செதிலின் புறப்பகுதி கெரற்றின் என்னும் பொருளாலானது. நமது நகமும் மயிரும் ஆனது அவ்வினப் பொருளாலேயே. வயிற்றுப் பக்கத்தில் மட்டும் செதில்கள் அகன்று, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுக்கூரை வேய்ந்தாற் போல அமைந்திருக்கும். தரையைப் பற்றி ஊர்வதற்கு அவையே துணை. ஆகவே கீழிருந்து வரும் சூட்டை முதலில் ஏற்பதும் அவையே.

உயிரற்ற இப்புறப்போர்வையைப் பாம்பு காலத்துக்குக் காலம் கழற்றிவிடும். சட்டை என்றும் கஞ்சுகம் என்றும் நம் முன்னோர் இதற்குப் பெயரிட்டனர். உடுத்த ஆடையைக் களைந்தெறிவது போன்ற செயலாகலின் அப்பெயர் மிகப் பொருத்தமானது. ஆனால் அப்பெயரே ஒரு தவறான எண்ணத்தையும் நமக்குத் தந்துவிட்டது. சட்டை கழன்றால் புண்ணும் கழன்றுவிடும் என்று நாட்டுப்புறத்தில் நம்புவோர் உளர். அவ்வாறன்று. கழல்வது மேற்றோலின் மேலடுக்கு மட்டுமே. சூடு உட்டோலைத் தொட்டுவிட்டதாயின் அது சட்டையோடு போகாது. புண்பட்ட இடத்தில் சட்டை ஒட்டிக்கொண்டு சரிவரக் கழலாமலும் போகும். அதனை வலிந்து பிய்த்தால் அடியிலுள்ள இளந்தோலும் கிழியும்.

இனி, சுடுகின்ற பொருளின்மேல் பாம்பு ஏன் கிடக்கிறது என்னும் வினாவுக்கு வருவோம். அடுப்பைத் தொட்ட குழந்தை கையை இழுத்துக்கொள்கிறது. பாம்போ சுடும் கல்லின்மேல் மணிக்கணக்காகக் கிடந்து வெந்துபோகிறது. நோவு அறியாத உயிரா அது? அன்று. பாம்பின் தோலிலும் நோவறியும் நரம்புகள் உள. மலைப்பாம்புக்கோ உதட்டோரத்தில் வரிசையாகக் குழிகள் உள; இருளிலே ஓர் எலியின் உடற்சூட்டைத் தூரத்திலிருந்தே உணரும் வன்மை அவற்றுக்குண்டு. பச்சை விரியனுக்கும் கோப்பி விரியனுக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே அத்தகைய குழியுண்டு. ஆனால் அக்குழிகள் முகத்திலே உள்ளன, வயிற்றிலே இல்லை.

காரணத்தை அதன் வாழ்க்கை முறையிலே தேட வேண்டும். நம் உடல் உணவை எரித்துத் தனக்கு வேண்டும் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பாம்பு அவ்வாறு ஆக்குவதில்லை. வெயிலிலும் வெயிலிற் காய்ந்த பாறையிலும் வெப்பத்தை இரந்து பெறுகிறது. மிகுந்தால் நிழலுக்குள் நழுவுகிறது. இரை செரிப்பதற்கும், நோயை எதிர்ப்பதற்கும், புண் ஆறுவதற்கும் கூட அதற்குப் புறச்சூடு வேண்டும். இயற்கையிலே வெப்பம் மேலிருந்து, கதிரவனிடமிருந்து, வருகிறது; மாலையில் மெல்ல மெல்லத் தணிகிறது. தணியாது இரவு முழுதும் கீழிருந்து சுடும் பொருள் காட்டிலே இல்லை. கூடோ குளிர்ந்து கிடக்கிறது. அதற்குள் ஒரேயொரு சூடான பொருள் இருக்கிறது. உடலின் உட்பகுதி இன்னும் குளிர்ந்திருக்கையில், "இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும்" என்று பாம்பு அதனை அணைத்துக் கிடக்கும். உள்ளே வெப்பம் போதிய அளவு சேருமுன் வயிற்றுத் தோல் வெந்து முடிந்துவிடும். எனது மின்குமிழைச் சுற்றிக் கிடந்த சாரை அவ்வாறே கிடந்தது. யான் அதனை நன்றி என்று எண்ணினேன்.

சூடு என்பது பாகையை மட்டும் பொறுத்ததன்று, காலத்தையும் பொறுத்தது. இதனை 1947-ஆம் ஆண்டில் மொரிற்ஸ், ஹென்றிக்கஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் பன்றித் தோலிலும் மனிதத் தோலிலும் செய்த சோதனைகளால் விளக்கினர். 60 பாகை செல்சியசு சூடு சில விநாடிகளிலேயே தோலைக் கெடுத்துவிடுகிறது. 44 பாகையோ கைக்கு இதமான வெந்நீர்ச் சூட்டுக்குச் சிறிது மேம்பட்டதே. ஆயினும் இடைவிடாது 6 மணி நேரம் பட்டுக்கொண்டிருந்தால் அதுவும் தோலைக் கெடுத்துவிடும். பாம்பு ஒரே இடத்தில் நாள் முழுதும் அசையாது கிடக்க வல்லது. ஆகவே உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்து, "சுடவில்லையே" என்று தீர்மானிப்பது பெரும் பிழை. சுட்டுக் கொல்லும் சூடும் உண்டு, வேகவைத்துக் கொல்லும் சூடும் உண்டு. வளர்ப்புப் பாம்புகளுக்குப் பெரிதும் நேர்வது இரண்டாவது.

கனடாவிலுள்ள நம் மாணவர் தம் மகனுக்காக வாங்கியது ஆபிரிக்க மலைப்பாம்பின் ஒருவகை. அச்சமுற்றால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறுவகை அது. வெப்ப நாட்டுப் பிராணியாகலின் அதன் கூட்டிலே ஒரு மூலை 31 முதல் 33 பாகை வரையிலும், எதிர் மூலை 25 முதல் 27 பாகை வரையிலும் இருத்தல் வேண்டும். இவ்விரு மூலைகளுக்குமிடையே பாம்பு தானே சென்று தனக்கு வேண்டும் சூட்டைத் தேர்ந்துகொள்ளும். கனடாவின் பனிக்காலத்தில் இதற்கு மின்சாரச் சூடு இன்றியமையாதது. அவர் கண்ணாடிப் பெட்டியின் அடியிலே சூடேற்றும் விரிப்பொன்றை இட்டார். அதன் வெப்பத்தைத் தானே அளந்து நிறுத்தும் தெர்மோஸ்டற் கருவியை இடவில்லை. கடையிலே எவரும் சொல்லவில்லையாம். பாம்புக்கு மெத்தென்றிருக்கட்டும் என்று மரத்தூளைத் தடிப்பாகப் பரப்பினார். தூள் போர்வைபோல் அமைந்து கண்ணாடியின் மேற்பரப்பில் வெப்பத்தைத் தேக்கிற்று. பாம்போ தூளைக் கிண்டிக்கொண்டு கண்ணாடி வரையிற் சென்று படுத்தது. மேலே தொங்கிய வெப்பமானி 30 பாகை காட்டிக்கொண்டே இருந்தது.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் வயிற்றுச் செதில்கள் இளஞ்சிவப்பாகத் தோன்றின. இங்கே ஒரு நுட்பம் கூற வேண்டும். சட்டை கழற்றும் காலம் அணுகும்பொழுது இவ்வகைப் பாம்பின் வயிறு இயல்பாகவே சிவந்து தோன்றும். சில நாட்களிற் கண்ணும் நீலம் படர்ந்து மங்கும். அவர் அவ்வாறே எண்ணிவிட்டார். கண் மங்கவில்லை. ஐந்தாம் நாள் செதில்களிடையே நீர்கோத்த கொப்புளங்கள் எழுந்தன. பின்னர் செதில்கள் சில பழுப்பேறி விறைத்தன. சூட்டுப் புண்ணின் வஞ்சகம் இதுவே. சுட்ட அன்று ஒன்றும் தோன்றாது. உள்ளே இறந்த தோல் வெளியே தன்னைக் காட்டுவதற்குப் பல நாட்கள் செல்லும். முதல்நாள் பார்த்து, "சிறிய காயந்தான்" என்று விடுவோர் பின்னர் வருந்துவர்.

புண்ணின் ஆழத்தை மூன்றாக வகுப்பர். மேற்றோல் மட்டும் சிவந்தது முதல்வகை. அது நல்ல பராமரிப்பில் ஓரிரு சட்டை கழற்றலோடு மாறிவிடும். கொப்புளமும் கசிவுமாக உட்டோலின் ஒரு பகுதியையும் பற்றியது இரண்டாவது. தோல் முழுதும் வெந்து கறுத்தோ வெளுத்தோ தோலட்டை போலாகி, சில இடங்களில் தசையே வெளித்தெரிவது மூன்றாவது. மூன்றாவதில் நோவு குறைந்தாற்போலத் தோன்றும். நோவறியும் நரம்பே எரிந்துவிட்டமையே அதற்குக் காரணம். "நோவில்லைப் போலிருக்கிறது, அமைதியாகக் கிடக்கிறது" என்று நாங்கள் 2012-இல் பேசிக்கொண்டது இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

செய்யவேண்டுவன யாவை? முதலாவதாகச் சூட்டை நீக்குக. மின்சாரத்தை நிறுத்தி, பாம்பை வேறிடத்துக்கு மாற்றுக. புண் புதிதாயின் தூய குளிர்ந்த நீரைச் சில நிமிடங்கள் மெல்ல ஓடவிட்டுத் தணிக்கலாம். பனிக்கட்டி ஆகாது, அது வெந்த தோலை மேலும் கெடுப்பதோடு பாம்பின் உடலையே விறைக்கச் செய்யும். சாம்பலாற் சுட்டதாயின், முதலிற் சாம்பலை உலர்ந்த நிலையிலேயே மெல்லத் தட்டி நீக்கிவிட்டு, அதன்பின் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். விறகுச் சாம்பலிலே காரம் உண்டு. நம் பாட்டிமார் அதனைக் கொண்டு துணி வெளுத்தமை அதனாலேதான். சிறிது தண்ணீர் தெளித்தால் அஃது அரிக்கும் காரநீராகி வெந்த தோலிற் படியும். நாங்கள் தெளித்தது அவ்வாறான சிறிது தண்ணீரே.

எண்ணெய், நெய், வெண்ணெய், மஞ்சள், பற்பசை என்பவற்றுள் எதனையும் பூசலாகாது. எண்ணெய்ப் பசை சூட்டை உள்ளே அடைத்து வைக்கும்; தூசியையும் அழுக்கையும் ஒட்டவைக்கும். மஞ்சளுக்கு நம் சமையலிலும் வழிபாட்டிலும் உள்ள பெருமையை யான் குறைத்துப் பேசவில்லை. அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்த மஞ்சட்பொடி தூய்மை செய்யப்பட்ட மருந்தன்று என்பதே சொல்ல வந்தது. கொப்புளத்தை உடைத்தலும் ஆகாது. அதனுள் இருக்கும் நீர் அடியிலுள்ள தோலுக்குப் போர்வை. மனிதருக்கு நோவு தெரியாதிருக்கப் பூசும் மரப்புக் களிம்புகள் பாம்புக்கு நஞ்சாதல் உண்டு. நமக்குரிய நோவு மாத்திரைகளையும் கொடுத்தலாகாது.

அடுத்தது படுக்கை. மரத்தூள், மணல், வைக்கோல், தென்னந்தும்பு யாவும் புண்ணில் ஒட்டி நுண்ணுயிரைச் சேர்க்கும். அவற்றை அகற்றிவிட்டு, வெறுங்காகிதம் அல்லது தூய துணி விரித்து, நாள்தோறும், அழுக்குற்றால் உடனேயும், மாற்ற வேண்டும். ஈ மொய்க்காமற் காத்தல் நம் நாட்டிலே மிக இன்றியமையாதது. ஒரே நாளில் புண்ணிற் புழு வைத்துவிடும். குடிக்கத் தண்ணீர் இருத்தல் வேண்டும். வெந்த தோல் வழியே உடல்நீர் ஓயாது கசிவதால், புண்பட்ட பாம்பு நீரிழந்தே பெரிதும் இறக்கிறது.

இதன் பிறகு மிருக வைத்தியரிடம் போக வேண்டும். கனடாவிலே அவர்கள் செய்தவற்றை நம் மாணவர் விரிவாக எழுதியிருந்தார். நீர்த்த பொவிடோன் அயடீனால் புண்ணைக் கழுவினர். பின் சில்வர் சல்பாடயசீன் என்னும் வெண்களிம்பை மெல்லிதாகப் பூசினர். மனிதரின் தீப்புண்ணுக்கு நம் ஆசுபத்திரிகளிற் பூசப்படுவதும் அதுவே. உடல்நீரை ஈடுசெய்ய ஊசிவழியே திரவம் ஏற்றினர். நோவு தணிக்கவும் மருந்து கொடுத்தனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஊசியிலேற்றினர். மூன்று நாட்களுக்கு ஒருமுறையா என்று யானும் முதலில் ஐயுற்றேன். பாம்பின் உடலியக்கம் மிக மெதுவானது. ஏற்றிய மருந்து நெடுநேரம் உடலிலே தங்கும். நமக்கு நாளுக்கு மும்முறை கொடுக்கும் அளவிலே கொடுத்தால் சிறுநீரகம் கெட்டு உயிர் போகும். ஆகவே அளவறியாதோர் மருந்து கொடுத்தல் எத்துணைப் பிழையென்பது வெளிப்படை.

இன்னொன்றும் அவ்வைத்தியர் கூறினாராம். சூட்டினாற் புண்பட்டது என்பதற்காகப் பாம்பைக் குளிரிலே வைத்தலாகாது. அதற்குரிய வெப்பநிலையில் இருந்தாற்றான் அதன் உடல் நோயை எதிர்க்கும், புண் ஆறும். சுட்டதும் சூடு, ஆற்றுவதும் சூடு; வேறுபாடு அளவிலேதான். விரிப்பை நீக்கி, கூட்டிற்கு வெளியே, பாம்பு எட்டாத இடத்திலிருந்து, தெர்மோஸ்டற் கருவியின் ஆளுகைக்குட்பட்ட சூட்டைக் கொடுத்தார்கள்.

ஆறுவதற்கு ஒன்பது மாதங்கள் சென்றன. அக்காலத்திற் பாம்பு வழக்கத்தைவிட அடிக்கடி சட்டை கழற்றிற்று. புண்பட்ட உடல் அவ்வாறு செய்வது இயல்பு. ஒவ்வொரு முறையும் புண்ணின் ஓரம் சிறிது சுருங்கிற்று. ஒட்டிக்கொண்ட சட்டைத் துண்டுகளை இளஞ்சூடான ஈரத்துணியால் நனைத்து இளக்கி அகற்றினராம். முற்றும் ஆறிய பின்னும் அவ்விடத்துச் செதில்கள் ஒழுங்கிழந்து, கோணலாக, வெளிறியே வளர்ந்துள்ளன. இனி அவை மாறா. முதலிற் கழன்ற சட்டையின் நிழற்படத்தை அவர் அனுப்பியிருந்தார். நடுவிலே உள்ளங்கை அளவு கந்தலாயிருந்தது. சட்டையையே அனுப்பாததற்குக் காரணம், மலைப்பாம்பின் உறுப்பு எதனையும் நாடு கடத்துவதற்கு உலக உடன்படிக்கையின்படி அனுமதி வேண்டுமாம். அவர் அனுமதி கேட்கச் சோம்பியிருக்கலாம். ஆயினும் சட்டத்தை மதித்தமை நம் கல்லூரிக்குப் பெருமையே.

வருமுன் காக்கும் முறைகளை வளர்ப்போர் பொருட்டுச் சுருங்கச் சொல்கிறேன். "சூட்டுக் கல்" என்று விற்கப்படும் மின்சாரக் கற்களை வாங்கவே வேண்டாம். உலகெங்கும் பாம்பு வைத்தியர் அவற்றையே முதற் பகையாகக் கூறுவர். சூடேற்றும் கருவி எதுவாயினும் தெர்மோஸ்டற் இன்றி இயக்கலாகாது. அதன் உணர்முனை காற்றிலே தொங்காமல், பாம்பு படுக்கும் மேற்பரப்பிலேயே பொருந்தியிருக்க வேண்டும். மின்குமிழைக் கம்பிவலைக் கூடொன்றால் மூடி, பாம்பு சுற்ற முடியாதபடி அமைக்க வேண்டும். வெப்பமானி ஒன்று போதாது. சூடான மூலையில் ஒன்றும் குளிர்ந்த மூலையில் ஒன்றும் வேண்டும். இரு மூலையிலும் ஒளிந்துகொள்ளப் பொந்து இருக்கட்டும். சூடான மூலையில் மட்டும் பொந்து இருந்தால், அச்சமுற்ற பாம்பு சூட்டைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

நம் நாட்டு நிலை வேறு. இலங்கையில் வாழும் பாம்பினங்கள் ஏறக்குறைய 100. அவற்றுட் பலவற்றுக்கு 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் காப்பளிக்கின்றன. மலைப்பாம்பை, நம் யாழ்ப்பாணத்து உறவினர் வெங்கிணாத்தி என்பதை, பிடித்து வீட்டில் வளர்க்க உரிமை இல்லை. இந்தியாவிலும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டுப் பாம்புகளை வளர்த்தலைத் தடுக்கிறது. ஆகவே இங்கே "வளர்ப்புப் பாம்பு" என்பது பெரும்பாலும் இல்லை. ஆனால் மனிதர் கையிற் சிறிதுகாலம் இருக்கும் பாம்பு உண்டு. தெகிவளை மிருகக்காட்சிச் சாலையில் உள்ளன. பாம்பாட்டிகளின் கூடைகளிலும் உள்ளன. நண்பகல் வெயிலில் தார்வீதியோரம் திறக்கப்படும் அக்கூடைகளை எண்ணிப் பாருங்கள். உடல் வெப்பம் 40 பாகையை அணுகினாலே பெரும்பாலான பாம்புகளுக்குப் பேராபத்து. வெயிலிற் காய்ந்த தார்வீதியோ அதனினும் மிகச் சூடானது.

பாம்பைக் கையில் வைத்திருந்தும் சூட்டினின்று காப்பது எவ்வாறு என்பதற்குத் தமிழ்நாட்டு இருளர் நல்லதோர் எடுத்துக்காட்டு. எலியும் பாம்பும் பிடித்து வாழ்ந்த அம்மக்கள், பாம்புத் தோல் வாணிகம் சட்டத்தால் நின்றபின் பிழைப்பிழந்தனர். 1978-இல் றொமுலஸ் விற்றேக்கர் என்பாரின் துணையோடு தமக்கெனக் கூட்டுறவுச் சங்கமொன்று நிறுவினர். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கத்தார் நாகம், விரியன், சுருட்டை, கட்டுவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, நான்கு முறை நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். வைத்திருக்கும் கலம் எது தெரியுமா? மண்பானை. வாயைத் துணியாற் கட்டிய மண்பானை. கோடையிலே நாம் தண்ணீரைக் குளிரவைக்கும் அதே முறைதான்; நுண்துளை வழியே ஈரம் ஆவியாகப் பானை குளிர்ந்திருக்கும். இரும்புப் பெட்டியிலோ கண்ணாடிப் பெட்டியிலோ இட்டால் சென்னை வெயிலில் என்னாகும்? இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. இந்தியாவில் ஆக்கப்படும் விடமுறி மருந்துக்கு வேண்டும் நஞ்சிற் பெரும்பகுதி இவர்களிடமிருந்தே செல்கிறது. அம்மருந்தே நம் நாட்டு ஆசுபத்திரிகளிலும் பாம்பு தீண்டியோரைக் காக்கிறது.

எல்கடுவவிலும் சுற்றுமுள்ள தோட்டங்களிலும் பாம்புக்குச் சூடுபடும் வழிகள் இரண்டு. ஒன்று, மேலே கூறிய சாம்பற் குவியல். வீட்டு அடுப்புச் சாம்பலும் அதனுள் அடங்கும். மற்றொன்று, வறண்ட மாதங்களில் மலைச்சரிவின் புற்றரைகளுக்கு எவரோ இடும் தீ. நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஓரமெங்கும் மானாப் புல் எரிவதை ஆண்டுதோறும் காண்கிறோம். பொந்துக்குள் இறங்கிய பாம்பு தப்பும், ஓடமுற்பட்டது வேகும். தீ அணைந்த மறுநாள் குறையுயிராய்க் கிடப்பவற்றை நம் பிள்ளைகள் காண்பது அரிதன்று.

அத்தகைய பாம்பைக் கண்டால் மாணவர் செய்யவேண்டுவது யாது? தொடாதிருத்தல். சாரையா நாகமா என்று தூரத்திலிருந்து பெரியோரே தடுமாறுவர். வெந்து நிறம் மாறிய பாம்பை இனங்காணல் அதனினும் அரிது. நம் தேயிலை மலைகளிலே சருகோடு சருகாகக் கிடக்கும் கோப்பி விரியனை அறியாதார் இல்லை. மேற்கூறிய இந்திய விடமுறி மருந்து அதன் நஞ்சுக்குப் பயன்படாது என்பதைப் பலர் அறியார். 2012-இல் அந்நால்வர் கொண்டுவந்தது சாரையாயிருந்தது அவர்கள் நல்வினை. என் நல்வினையும் ஆம். குறையுயிர்ப் பாம்பும் கடிக்கும்.

வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தலே முறை. அவர்கள் வரும்வரை, வெயில் படாமல் எட்ட நின்று ஒரு மறைப்புக் கட்டி, நாயும் காகமும் அணுகாமற் பார்த்துக்கொண்டாற் போதும். பழக்கமுள்ளோர் பிடித்தால், காற்றோட்டமுள்ள தூய பருத்திப் பையிலே இட்டுக் கொண்டுசெல்ல வேண்டும். உரச்சாக்கு ஆகாது, அதில் ஒட்டியுள்ள உப்பு புண்ணை அரிக்கும். இங்கிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்கு இறங்கினால், பேராதனைப் பல்கலைக்கழக மிருகவைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை தொலைவில் இல்லை. அன்று காலையிலேயே அச்சாரையை அங்கு கொண்டுசென்றிருக்கலாம். பாடவேளை தவறுமே என்று யான் தயங்கினேன்.

இவ்வாண்டு தொடக்கத்தில் அச்சாம்பற் குவியலைப் பார்க்கச் சென்றேன். இப்பொழுது அதனைச் சுற்றிக் கல்லடுக்கி, மாலையிலே குழாயால் நீர்பாய்ச்சி, புகை அடங்கும்வரை கிளறிவிடுகின்றனர். பாம்புக்காக அன்று, சென்ற கோடையிலே காற்றிற் பறந்த கனலொன்று விறகுக் கொட்டிலைப் பற்றிவிட்டதாம்.